புது கார், புரட்டும் வயிறு: எதை மாற்றுவது?

பழைய காரில் வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லாமல் வந்தவர்கள், புது காரில் ஏறிய அரைமணி நேரத்தில் ஜன்னலை இறக்கச் சொல்கிறார்கள் என்றால் வீட்டில் உடனே விசாரணை தொடங்கிவிடும். "சஸ்பென்ஷன் சரியில்லை" என்பார் ஒருவர். "எல்லாம் அந்தப் புது கார் வாடைதான்" என்பார் இன்னொருவர். "ஓட்டுற லட்சணம் அப்படி" என்று பின்சீட்டிலிருந்து மூன்றாவதாக ஒரு குரல் வரும். அந்தக் குரலை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, முக்கியமாக ஓட்டுகிறவர். எனக்கென்னவோ பெரும்பாலான வீடுகளில் அதுதான் சரியான தீர்ப்பு என்று படுகிறது.

எதிரே இருக்கும் வழிகள் பல. கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று விட்டுவிடலாம். ஓட்டும் விதத்தை மாற்றலாம். காரின் செட்டிங்கை, உட்காரும் இடத்தை, டயரை, ஷாக் அப்சார்பரை மாற்றலாம். மாத்திரை போட்டுக்கொள்ளலாம். நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வேறு கார் வாங்கலாம். இவற்றில் சிலவற்றுக்குக் காசே ஆகாது, சிலவற்றுக்கு நிறைய ஆகும். செலவு ஏற ஏறப் பலனும் ஏறும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட தலைகீழ்.

எந்த ஆட்டம் குமட்டுகிறது?

காரைத் திட்டும்போது நாம் சொல்லும் வார்த்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். "தூக்கித் தூக்கிப் போடுது." "குலுங்குது." "படகு மாதிரி ஆடுது." "வெட்டி வெட்டி இழுக்குது." நான்கும் நான்கு வேறு ஆட்டங்கள். வயிற்றைப் புரட்டுவதில் நான்குக்கும் சம பங்கு கிடையாது.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவை உணர்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சிறு பைகள், அவற்றின் மேல் படிந்துள்ள சுண்ணாம்புத் துகள்களின் உதவியால், முன்னே பின்னே இழுப்பதையும் சாய்வதையும் உணர்கின்றன. இவை ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, உடம்பு எதிர்பார்த்தது மூன்றாவதாக இருக்க, மூளை குழம்பும்போது குமட்டல் வருகிறது. ரீசன், பிராண்ட் என்ற ஆய்வாளர்கள் 1975ல் விரிவாக எடுத்துவைத்த இந்த விளக்கம்தான் இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது.

எல்லா ஆட்டமும் இந்தக் குழப்பத்தை உண்டாக்குவதில்லை. 1974ல் ஓஹான்லன், மெக்காலி இருவரும் ஒரு கூண்டுக்குள் ஆட்களை உட்காரவைத்து, கூண்டை மேலும் கீழும் வெவ்வேறு வேகத்தில் ஆட்டிப் பார்த்தார்கள். அதிகம் பேருக்குக் குமட்டியது நொடிக்குச் சுமார் 0.2 முறை ஆட்டியபோது. அதாவது ஒரு முறை ஏறி இறங்க ஐந்து நொடி. மெதுவான ஆட்டம், கடல் அலையின் கணக்கு. உடல்மீது அதிர்வின் விளைவை அளக்கும் ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் குமட்டலுக்கு 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை) வரையுள்ள ஆட்டத்தைத்தான் கணக்கில் எடுக்கிறது.

இனி காருக்கு வாருங்கள். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் காரின் உடல் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் நொடிக்கு ஒரு முறை, ஒன்றரை முறை என்ற வேகத்தில் ஆடும். சக்கரத்தின் அதிர்வு அதைவிட எத்தனையோ மடங்கு வேகம். இரண்டுமே குமட்டும் எல்லைக்கு வெளியே. கல்லும் குழியும் இடுப்பை வலிக்கவைக்கும், பல்லைக் கடிக்கவைக்கும். வயிற்றைப் புரட்டுவதில் அவற்றின் பங்கு குறைவு.

அப்படியானால் காரில் ஐந்து நொடி, பத்து நொடி கணக்கில் நடப்பது எது? ஆக்ஸிலேட்டரை மிதிப்பது, விடுவது, பிரேக் பிடிப்பது, வளைவில் திருப்புவது. நெரிசலில் மூன்று நொடி வேகம், இரண்டு நொடி விடுப்பு, மூன்று நொடி பிரேக் என்று ஓட்டினால் அது அச்சு அசலாகக் குமட்டும் எல்லைக்குள் வந்து விழுகிறது. 1990களில் டர்னர், கிரிஃபின் இருவரும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ் பயணிகளை வைத்து நடத்திய ஆய்விலும் இதுதான் தெரிந்தது. மெதுவான பக்கவாட்டு ஆட்டம் கூடும்போது குமட்டலும் கூடியது, அந்த ஆட்டம் டிரைவருக்கு டிரைவர் மாறியது, முன்னால் சாலை தெரியாத இடத்தில் உட்கார்ந்தவர்களே அதிகம் அவதிப்பட்டார்கள்.

இதிலிருந்து ஒரு சங்கடமான முடிவு வருகிறது. "ரொம்ப ஹார்டா இருக்கு, அதான் குமட்டுது" என்று சொல்லி சஸ்பென்ஷனை மிருதுவாக்கப் போகிறவர், குமட்டலை அதிகமாக்கிக்கொண்டு திரும்பி வரலாம். மிருதுவான, ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்காத சஸ்பென்ஷனில் பிரேக் பிடித்தால் காரின் மூக்கு தாழும், விட்டால் எழும்பும், வளைவில் காரின் உடலே சாயும். "படகு மாதிரி" என்று சொல்கிறோமே, அந்த வர்ணனைதான் வயிற்றுக்கு ஆகாதது.

முதலில் இவற்றை ஒதுக்கிவிடுங்கள்

வேறெதற்கும் செலவழிக்கும் முன் சில சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளலாம். புது காரின் டயர்களில் பல சமயம் அளவுக்கு மீறிய காற்று இருக்கும். தொழிற்சாலையிலிருந்து ஏற்றி வரும்போதும், நாள்கணக்கில் நிற்கும்போதும் டயர் அமுங்காமல் இருக்க அதிகமாக அடித்து அனுப்புவார்கள். கையில் கொடுக்கும் முன் குறைக்க வேண்டும், சில இடங்களில் மறந்துவிடுகிறார்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதற்குச் சரியாக வையுங்கள், ஆனால் அதற்கும் கீழே இறக்காதீர்கள். காற்றைக் குறைத்தால் மெத்தென்று போகும் என்பது உண்மைதான், டயர் சூடாகிச் சேதமாகும் என்பதும் உண்மை.

இதேபோல, கப்பலிலோ லாரியிலோ வரும்போது கார் ஆடாமல் இருக்கச் சில மாடல்களில் ஸ்பிரிங்குக்கு நடுவே கட்டைகள் செருகியிருப்பார்கள். அவற்றை எடுக்காமல் வண்டியை ஒப்படைத்த கதைகள் உண்டு. சின்ன மேட்டுக்கே சக்கரத்தில் அடி விழுந்த மாதிரி இருந்தால், சர்வீஸ் சென்டரில் காரைத் தூக்கி நான்கு ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மூலை மட்டும் அதிகம் ஆடினால், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால், அது வாரண்டியில் தீர வேண்டிய விஷயம். உங்கள் பாக்கெட்டுக்கு வேலையில்லை.

வாடையைப் பற்றி ஒரு வார்த்தை. புது பிளாஸ்டிக்கும் பசையும் விடும் ஆவியால் குமட்டல் தானாகத் தொடங்கிவிடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே புரட்டிக்கொண்டிருக்கும் வயிற்றுக்கு எந்த வாடையும் ஆகாது என்பது ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏறும் முன் கதவுகளைத் திறந்துவைப்பது, ஏசியில் வெளிக்காற்று வரும்படி வைப்பது, நிழலில் நிறுத்துவது போதும். வாசனைத் திரவியத்தை மாட்டிச் சமாளிக்கப் பார்ப்பது எரியும் அடுப்பில் எண்ணெய்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. பெட்ரோல் அல்லது டீசல் காரில் ஓட்டுபவர் உட்பட எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்து, இறங்கிக் காற்றாட நின்றதும் தெளிந்தால், புகை உள்ளே கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

இன்னொன்று, கார் வாங்கிய அதே மாதத்தில் புது மூக்குக்கண்ணாடியும் வாங்கினீர்களா? மேலே ஒரு பவர், கீழே ஒரு பவர் உள்ள புரோகிரஸிவ் லென்ஸ் பழகும் வரை தலையைத் திருப்பும்போதெல்லாம் உலகம் கொஞ்சம் நீந்தும். அந்தக் குற்றத்துக்குக் கார் தண்டனை அனுபவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வலது கால்

எலெக்ட்ரிக் கார் ஒன்றின் பின்சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுபவரின் காலை விட்டுவிட்டு உங்கள் தாடையைக் கவனியுங்கள். கார் சீராகப் போய்க்கொண்டிருக்கும். முன்னால் ஒரு வண்டி லேசாக வேகம் குறைக்கும். ஓட்டுபவர் பிரேக்கைத் தொடவே இல்லை, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், அவ்வளவுதான். உங்கள் தாடை மார்பை நோக்கி ஒரு விரற்கடை இறங்கும். முன்வண்டி நகரும், கால் மறுபடி அழுத்தும், பின்மண்டை ஹெட்ரெஸ்ட்டில் ஒட்டும். மறுபடி விடுவார். ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவே எத்தனை முறை தலையாட்டினோம் என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். ஓட்டுபவரைக் கேட்டால் "நான் பிரேக்கே போடலையே" என்பார். உண்மையாகத்தான் சொல்கிறார்.

பெட்ரோல் காரில் காலை எடுத்தால் கார் கொஞ்ச தூரம் உருண்டு போகும். எலெக்ட்ரிக் காரில் காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே காரை இழுத்துப் பிடிக்கிறது. இந்த ரீஜென் இழுப்பு பலமாக வைக்கப்பட்டிருந்தால், பழைய காரில் யாருக்கும் தெரியாமல் போன காலின் சின்னச் சின்னத் தயக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு பிரேக்காக மாறிவிடும். மிதித்த கணமே முழு விசையும் வருவது இன்னொரு பக்கம். எஞ்சின் உறுமல் ஏறுவதைக் கேட்டு "இதோ வேகம் எடுக்கப் போகிறது" என்று தயாரான உடம்புக்கு, அந்த அறிவிப்பும் இல்லாமல் போய்விடுகிறது.

ஓட்டுபவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? அடுத்த நொடி என்ன வரும் என்று அவர் காலுக்கு முன்கூட்டியே தெரியும். 1991ல் ரோல்னிக், லுபோ இருவரும் சுழலும் கருவி ஒன்றில் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துச் சோதித்தார்கள். இருவருக்கும் ஒரே ஆட்டம், ஆனால் கட்டுப்பாடு ஒருவர் கையில் மட்டும். கட்டுப்பாடு இல்லாதவருக்குத்தான் குமட்டல் கூடுதல். ஆகவே "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று ஓட்டுபவர் சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த வழியின் பெரிய லாபம், இன்றைக்கே முயன்று பார்க்கலாம் என்பது. ரீஜெனை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டாலே கார் நிற்கும் வரை வேகம் குறையும் ஒற்றைப் பெடல் முறை இருந்தால் அணைத்துவிடுங்கள். எக்கோ மோடில் ஆக்ஸிலேட்டரின் பதில் மந்தமாவதால் தொடக்கத்தில் அது நல்லது. கால் புது பெடலுக்குப் பழகிய பிறகு ரீஜெனை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரியில் திரும்பி வரும் சக்தி கொஞ்சம் குறையலாம். பல கார்களில் பிரேக் பெடலை மென்மையாக மிதித்தாலும் முதலில் வேலை செய்வது ரீஜென்தான் என்பதால் அந்த நஷ்டம் பயப்படும் அளவுக்கு இருக்காது.

பெட்ரோல், டீசல் காருக்கும் இதே பாடம் வேறு வடிவில். இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் சில கார்களில் ஊர்ந்து போகும்போது வெட்டும், டர்போ எஞ்சின் கொஞ்சம் தயங்கிவிட்டுத் திடீரென்று தள்ளும். இரண்டுக்கும் மருந்து, முன்வண்டிக்கும் நமக்கும் நடுவே அதிக இடம் விட்டு, பெடலைத் தொடும் முறைகளையே குறைப்பது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் ஒரே சீராகப் போவது. நிற்கும்போது, சக்கரம் நிற்பதற்குக் கடைசிக் கணத்தில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துவது. அந்தக் கடைசித் தளர்த்தல் இல்லாததால்தான் நின்ற பிறகும் கார் ஒரு முறை பின்னால் சாய்ந்து நிமிர்கிறது.

ஓட்டும் உதவிகளையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். முன்வண்டியைப் பார்த்துத் தானே வேகம் மாற்றும் க்ரூஸ் கன்ட்ரோல், நெரிசலில் மனிதர்களைவிட முரட்டுத்தனமாக நடந்துகொள்வதுண்டு. இடைவெளியை அதிகமாக வைத்துப் பாருங்கள், போதவில்லையென்றால் நெரிசலில் அணைத்துவிடுங்கள். கோட்டுக்குள் காரை வைத்திருக்கும் உதவி இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் மெதுவாக அலைபாய்ந்தால், அந்த அலைபாய்தலும் மெதுவான பக்கவாட்டு ஆட்டம்தான்.

குறை என்று சொன்னால், இந்த வழிக்கு ஓட்டுபவரின் ஒத்துழைப்பு வேண்டும். வீட்டு அரசியல் தெரிந்தவர்களுக்கு இது சஸ்பென்ஷனை மாற்றுவதைவிடக் கடினமாகத் தோன்றலாம். குற்றம் சாட்டாமல் ஒரு வழி இருக்கிறது. ஓட்டுபவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வேறொருவர் அதே பாதையில் அதே மாதிரி ஓட்டிக் காட்டட்டும். கையில் போனைக் கொடுத்து ஒரு நீளமான செய்தியையும் படிக்கச் சொல்லுங்கள்.

கம்ஃபர்ட்டா, ஸ்போர்ட்டா?

ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தைப் பட்டனில் மாற்றும் வசதியுள்ள கார் என்றால், குமட்டலுக்குக் கம்ஃபர்ட்தான் மருந்து என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கம்ஃபர்ட் மோடில் குலுக்கல் குறையும், ஆனால் தாழ்ந்து எழும்பும் ஆட்டம் கூடும். ஸ்போர்ட்டில் காரின் உடல் அடங்கியிருக்கும், ஆனால் அதே பட்டன் ஆக்ஸிலேட்டரையும் கூர்மையாக்கிவிடுவதால் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்ளும். சில கார்களில் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் மோட் இருக்கும். அதில் சஸ்பென்ஷனை நடுத்தரமாகவோ இறுக்கமாகவோ, ஆக்ஸிலேட்டரை மந்தமாகவோ வைத்துப் பாருங்கள். வளைவு நிறைந்த பாதையில் இந்தக் கலவையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். குண்டும் குழியுமான நகரத் தெருவில் நிதானமாகப் போகும்போது கம்ஃபர்ட்டே இருக்கட்டும்.

இடம் மாறி உட்காருவது

முன்சீட்டுக்கு மாறுவது உடனடி நிவாரணம், பழைய யோசனை, இன்றும் செல்லும். சாலை தெரிந்தால் அடுத்த வளைவு தெரியும், உடம்பு தயாராகிவிடும். புது கார்களில் பலவற்றின் பின்சீட்டில் நிலைமை மோசமாகியிருக்கிறது. ஜன்னலின் கீழ்விளிம்பு மேலேறிவிட்டது, கண்ணாடி குறுகிவிட்டது, பின்பக்கம் கறுப்புக் கண்ணாடி, முன்னால் பெரிய ஹெட்ரெஸ்ட் மறைக்கிறது. பழைய காரில் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்த குழந்தைக்குப் புது காரில் கதவின் துணிதான் தெரியும். அப்படி என்றால் குழந்தைக்கு ஏற்ற பூஸ்டர் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். முன்சீட்டுக்கான வயதும் உயரமும் வராத குழந்தையைக் குமட்டலுக்காக முன்னால் உட்காரவைக்கக் கூடாது. பெரியவர் என்றால் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு முன்சீட்டுக்கு நடுவே சாலை தெரியும்.

தலையை ஹெட்ரெஸ்ட்டில் சாய்த்து அசையாமல் வைப்பது உதவும். வளைவில் தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஓட்டுபவர் இயல்பாகவே வளைவின் உட்பக்கமாகத் தலையைச் சாய்ப்பார், மற்றவர்களின் தலை வெளிப்பக்கம் சரியும். வாடா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் சகாக்களும் 2012ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுபவரைப் போலவே சாய்த்த பயணிகளுக்குக் குமட்டல் குறைந்தது. செலவில்லாத தந்திரம். சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுப்பதும் வயிற்றுக்கு இதம்தான், ஆனால் மோதல் நேர்ந்தால் சீட் பெல்ட்டுக்கு அடியில் உடம்பு வழுக்கிவிடும். ஓடும் காரில் அது வேண்டாம்.

போன் பார்க்காமல் இருக்க முடியாதவர்களுக்கு, ஐஓஎஸ் 18 வந்ததிலிருந்து ஐபோனில் திரை ஓரங்களில் காரின் ஆட்டத்துக்கேற்ப நகரும் புள்ளிகளைக் காட்டும் வசதி இருக்கிறது. சிட்ரோயன் நிறுவனம் 2018ல், விளிம்பில் நீலத் திரவம் ஆடும் ஒரு விநோதக் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கண்ணுக்கும் காதுக்கும் சமாதானம் பேசும் முயற்சிதான் இரண்டும். சிலருக்குப் பலன் தரும். போனைக் கீழே வைப்பது எல்லோருக்கும் பலன் தரும்.

பழகட்டும் என்று விடுவது

கேட்கச் சோம்பேறித்தனமாக இருக்கும் இந்த யோசனை உண்மையில் பலமானது. குமட்டலால் அவதிப்படும் விமானிகளுக்கு விமானப்படைகள் கொடுக்கும் சிகிச்சையே, சிறிது சிறிதாக ஆட்டத்துக்கு உட்படுத்திப் பழக்குவதுதான். மருந்துகளைவிட நீண்டகாலப் பலன் இதில் என்பது அத்துறையில் பொதுவான கருத்து. பழைய காரில் ஒன்றும் ஆகாமல் இருந்ததும் இதனால்தான், அந்தக் காரின் ஆட்டத்தை மூளை மனப்பாடம் செய்துவைத்திருந்தது. புது காரின் ஆட்டம் வேறு, பாடம் புதிதாகத் தொடங்குகிறது.

ஆனால் பழக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. சின்னப் பயணம், அடிக்கடி, குமட்டல் முற்றும் முன் நிறுத்திவிடுவது. பல்லைக் கடித்துக்கொண்டு வாந்தி வரை போனால் மூளை வேறு பாடம் கற்றுக்கொள்ளும், காரின் கதவைத் திறந்து அந்த வாடை வந்தாலே வயிறு சுருட்ட ஆரம்பிக்கும். மாதம் ஒரு முறை மட்டும் அந்தக் காரில் ஏறும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இந்த வழி சரிவராது. நடுவே விட்ட இடைவெளியில் பழகியது கரைந்துவிடும். தினமும் அதே காரில் போகிறவருக்குச் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்கலாம், அதோடு ரீஜெனையும் குறைத்துவைத்தால் இன்னும் சீக்கிரம்.

மாத்திரை

மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகள் வேலை செய்யும், கிளம்புவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டால். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தூக்கம் வரும், ஓட்டுபவர் போடக் கூடாது. தூக்கம் வராத அலர்ஜி மாத்திரையைப் போடலாமே என்று செடிரிசினை எடுக்கிறவர்கள் உண்டு, அது இந்தக் குமட்டலுக்கு உதவாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை மூன்று நாள் வரை பலன் தரும். கிளம்புவதற்கு நான்கு மணி நேரமாவது முன்பு ஒட்ட வேண்டும். வாய் உலரும், பார்வை மங்கலாம், சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், வேறு மருந்து சாப்பிடுகிறவருக்கும் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

நீண்ட பயணம் ஒன்றைக் கடக்க மாத்திரை நல்ல வழி. தினசரிப் பயணத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு காரை வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. இஞ்சி சிலருக்குக் கேட்கிறது, கெடுதல் குறைவு. குமட்டலுக்கென்று மணிக்கட்டில் அழுத்திக் கட்டும் பட்டைக்கு ஆதாரம் பலவீனம்.

காரில் இல்லாதபோதும் தலைசுற்றினால், காதில் இரைச்சலோ கேட்கும் திறன் குறைவதோ சேர்ந்தால், கட்டுரையை மூடிவிட்டுக் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் பயணக் குமட்டல் அதிகம் வரும் என்பதும் தெரிந்ததே. அவர்களுக்கு மைக்ரேனைக் கவனித்தால் காரும் கொஞ்சம் நல்ல கார் ஆகிவிடலாம்.

டயர், ரிம், சஸ்பென்ஷன்

இப்போதுதான் பணம் பேசும் இடத்துக்கு வருகிறோம். பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் உள்ள மாடல் என்றால், கம்பெனியே அனுமதிக்கும் அளவில் ஒரு அங்குலம் சிறிய ரிம்மும் உயரமான டயரும் போட்டால் குலுக்கலும் சத்தமும் குறையும். இடுப்பு வலிக்காரருக்கு நல்ல முதலீடு. குமட்டலுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன், காரணம் முன்பே சொன்னதுதான்.

ஷாக் அப்சார்பரை மாற்றுவது தத்துவப்படி சரியான சிகிச்சை ஆகலாம், "படகு மாதிரி" என்பதுதான் புகார் என்றால். அடக்கம் கூடிய ஷாக் போட்டால் எழும்பித் தாழ்வது சீக்கிரம் அடங்கும். ஆனால் புது காரில் கை வைக்கத் தயங்க வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. வாரண்டியில் சிக்கல் வரலாம். ஸ்பிரிங் மாற்றி உயரம் மாறினால் கேமரா, ரேடார் உதவிகளைத் திரும்பச் சீரமைக்க வேண்டிவரும். முன்பக்கம் மட்டும், பின்பக்கம் மட்டும் என்று மாற்றினால் சமநிலையே குலையும். 1930களில் காடிலாக்கில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், காரின் எடையை இங்குமங்கும் நகர்த்தி, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றிச் சோதித்தபோது ஒன்றைக் கண்டார். மேடு முதலில் முன்சக்கரத்தைத் தூக்குகிறது, கொஞ்சம் கழித்துப் பின்சக்கரத்தை. பின்பக்க ஸ்பிரிங் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆடும்படி வைத்தால், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, கார் சீசா போல ஆடுவது அடங்கிவிடுகிறது. இன்றைக்கும் வடிவமைப்பவர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு இது. பின்பக்க ஸ்பிரிங்கை மட்டும் மிருதுவாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கைத்தான் கலைக்கப் போகிறார்.

மாற்றியே தீருவது என்றால், அதே மாடலில் மாற்றிய ஒருவரின் காரில், பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பிச் செய்யும் வேலையில்லை.

காரையே மாற்றுவது

வாங்கிய முதல் வருடத்தில்தான் காரின் விலை வேகமாக இறங்கும், அதனால் இந்த வழியில் அடி பலமாக விழும். ஆனாலும் சிலருக்கு இதுதான் சரி. கால் பக்குவப்பட்டு, செட்டிங் பார்த்து, பழகவும் நேரம் கொடுத்து, அப்போதும் தினமும் அந்தக் காரில் போகவேண்டிய ஒருவர் வெளுத்த முகத்தோடு இறங்குகிறார் என்றால், ஷாக் அப்சார்பரில் பணம் போடுவதைவிட அதே பணத்தை மாற்றும் நஷ்டத்தில் போடுவது மேல். சஸ்பென்ஷன் மாற்றினால் முன்சீட்டின் ஹெட்ரெஸ்ட் சிறியதாகிவிடாது, ஜன்னல் பெரியதாகிவிடாது. வீட்டில் இரண்டு கார் இருந்தால், குமட்டல் வராதவர் இந்தக் காரை எடுத்துக்கொண்டு மற்றவருக்குப் பழையதைக் கொடுப்பது விற்பதைவிட மலிவு. கௌரவம் பார்க்காவிட்டால்.

அடுத்த காரைத் தேர்ந்தெடுக்கும்போது, குமட்டல் வருகிறவர்தான் பின்சீட்டில் உட்கார வேண்டும், தினமும் ஓட்டப் போகிறவர்தான் ஓட்ட வேண்டும். ஷோரூம் பையன் ஓட்டிக் காட்டும் பத்து நிமிட நேர்ச்சாலை டெஸ்ட் டிரைவ் எதையும் சொல்லாது, ஐந்தாவது நிமிடத்தில் யாருக்கும் குமட்டாது. வாடகைக்கு அதே மாடல் கிடைத்தால் ஒரு நாள் எடுத்து, நெரிசலும் வளைவும் கலந்த வழக்கமான பாதையில் ஓட்டிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஷோரூமில் நீண்ட டெஸ்ட் டிரைவ் கேளுங்கள், ரீஜென் எத்தனை படி குறைகிறது, ஒருமுறை குறைத்துவைத்தால் அடுத்த முறை கார் கிளம்பும்போது அப்படியே இருக்கிறதா, தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.